சுண்ணாம்பு பைய போட்ட சனிக்கிழமை

நான் வேலை பார்த்த கம்பி ஆலையில் இப்போது நெறிமுறைக்கென்று தனி அறை இருக்கிறது. அதில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வாசலில் ஆளுயரப் பலகை ஒன்று வைத்திருக்கிறார்கள். நேர்மை, சூழல், சுற்றுப்புற மக்களின் நலன், தொழிலாளியின் மதிப்பு என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு படமும் போட்டிருக்கிறார்கள். அந்த அறையில் இருக்கிற பெண் போன மாதம் எனக்குப் போன் பண்ணினாள். "மேடம், ஆண்டு மலர் போடுதோம். உங்க காலத்துல நெறிமுறைய எப்படிக் கடைப்பிடிச்சீங்கன்னு ரெண்டு பக்கம் எழுதித் தாங்களேன்" என்றாள்.

கடைப்பிடித்த கதை எழுத ஆயிரம் பேர் கிடைப்பார்கள் அம்மா, நான் கோட்டை விட்ட கதை ஒன்றுதான் என்னிடம் உருப்படியாக இருக்கிறது, பரவாயில்லையா என்று கேட்டேன். போனைப் பொத்திக்கொண்டு பக்கத்து ஆளிடம் ஏதோ கேட்டாள். பிறகு, "எழுதுங்க மேடம், பாத்துக்கிடலாம்" என்றாள். மலரில் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. எனக்கு இதை எழுதியாக வேண்டும்.

என் பெயர் ரூபி. ஆலையில் எல்லோருக்கும் லேப் அக்கா. எங்கள் வீட்டில் அப்பா வாத்தியார், அம்மா டீச்சர், சித்திகள் இரண்டு பேரும் டீச்சர். பாளையங்கோட்டையில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாலும் சொந்தக்காரர் ஒருத்தர் கையில் பிரம்போடு நிற்பார். எனக்குச் சாக்பீஸ் தூசி ஆகாது என்று சொல்லிவிட்டு, வேதியியல் படித்த கையோடு ஆலைக்குப் போனேன். போன இடத்தில் ஆயுசுக்கும் சுண்ணாம்புத் தூசி. அம்மா சாகும் வரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கம்பி ஆலையில் சுண்ணாம்புக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். தடித்த இரும்புக் கம்பியை இழுத்து மெல்லிசாக்குவதற்கு முன்னால் அதன் துரு போக வேண்டும். அதற்காக அமிலத் தொட்டியில் முக்கி எடுத்து, தண்ணீரில் கழுவுவார்கள். அந்தக் கழுவுநீரில் அமிலம் இருக்கும். அப்படியே வெளியே விட்டால் போகிற வழியெல்லாம் கருகும். அதனால் அதை ஒரு குழியில் தேக்கி, சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறித்து, தெளியவிட்டு, அதன் பிறகே வாய்க்காலில் விட வேண்டும். அது தாமிரபரணியிலிருந்து பிரிந்து வருகிற வாய்க்கால். எங்கள் மதிலை ஒட்டி ஓடி, நாலைந்து ஊர் வயலுக்குப் பாய்கிறது.

என் வேலை சின்ன வேலைதான். குழியிலிருந்து ஒரு குவளை தண்ணீர் எடுத்து அதில் சோதனைத் தாளை நனைப்பேன். சிவப்பு வந்தால் அமிலம், விடக் கூடாது. நீலம் வந்தால் சுண்ணாம்பு கூடிவிட்டது, விடக் கூடாது. இளம்பச்சை வந்தால் ஒரு சீட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்தச் சீட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் குழி ஆள் வால்வைத் திறக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் இதைத்தான் செய்தேன். கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் அந்த வால்வுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் இருந்தது அந்தச் சீட்டு ஒன்றுதான்.

குழி ஆள் மாடசாமி. நல்ல உழைப்பாளி, ஆனால் வாயைத் திறக்க மாட்டான். ஒப்பந்த ஆளாக வந்தவன். நான் சொல்லப்போகிற வருஷத்தில்தான் அவன் பெயர் நிரந்தரப் பட்டியலுக்குப் போயிருந்தது. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று. "ஏலே மாடசாமி, சுண்ணாம்ப அவசரமா கொட்டாத. கட்டி கட்டியா அடியில போய் ஒக்காந்துக்கிடும், சூடேறிப் பொங்கும். பைய போடு. பைய, பைய." எங்கள் ஊரில் பைய என்றால் மெதுவாக. அவனும் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் அள்ளி, கோலமாவு போடுவது போலத் தூவிக் கரைப்பான். பார்க்கவே அழகாக இருக்கும்.

எங்களுக்கு மேலே சங்கரலிங்கம் சார். ஆலை மேலாளர். நெற்றியில் திருநீறு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தாளைக் கொண்டுபோய் நீட்டினாலும் உட்கார்ந்த இடத்தில் கையெழுத்துப் போட மாட்டார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பாத்துட்டு வந்து போடுதேன்" என்று கிளம்பிவிடுவார். தாளில் சொல்லியிருக்கிற இடத்துக்கே போய்ப் பார்த்து, அங்கேயே சுவரில் வைத்துக் கையெழுத்துப் போடுவார். ஒருதரம் கம்பி இழுக்கும் இயந்திரத்துக்குக் கைக்காப்புத் தகடு பொருத்தியாயிற்று என்று ஓர் அறிக்கை வந்தது. போய்ப் பார்த்தால் தகடு சுவரோரமாக நிற்கிறது. சார் கோபப்படவில்லை. "பொருத்தப்பட்டது" என்பதை அடித்து, "சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது" என்று முத்து முத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த மேற்பார்வையாளர் முகத்தில் ஈயாடவில்லை. சாயந்தரத்துக்குள் தகடு ஏறிவிட்டது.

இப்படி ஒருத்தரைத் தினம் பார்த்துக்கொண்டிருந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? சனிக்கிழமை மத்தியானத்தோடு லேப் மூடிவிடும். குழியில் தண்ணீர் நிறைந்து நிற்கும். நான் இல்லாமல் திறக்கவும் முடியாது, திங்கட்கிழமை வரை தேக்கவும் முடியாது. ஒரு வாரம் போகட்டும் என்று காலையிலேயே ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டு மாடசாமியிடம் கொடுத்தேன். மூணு மணிக்குத் தெளிந்ததும் திறந்துவிடு என்றேன். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த சனிக்கிழமையும் கொடுத்தேன். அன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாலு வருஷம் ஒன்றும் ஆகாததால் அதுவே முறை ஆகிவிட்டது. எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அந்த ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்காரர் ஊர்க் கோயிலில் அசனம். ஊரே கூடிச் சமைத்து, ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற திருநாள். நான் காலையில் சீட்டைக் கொடுத்தேன், லேபைப் பூட்டினேன், சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

நான் போன பிறகு ஓர் அமிலத் தொட்டியில் கசிவு கண்டுவிட்டது. தொட்டி முழுவதையும் குழிக்குத் திருப்பிக் காலி பண்ண வேண்டிய நிலை. அன்றாடக் கழுவுநீருக்கு நாலைந்து சிரட்டை சுண்ணாம்பு போதும். தொட்டி அமிலத்துக்குச் சாக்குச் சாக்காகக் கொட்ட வேண்டும். பொறுப்பில் இருந்தவர் வினோத் சார். சென்னையிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கெட்டிக்காரர், பாவம், நல்ல மனுஷர். சுண்ணாம்பு இருபத்தைந்து கிலோ பிளாஸ்டிக் பைகளில் வரும். நாங்கள் அதை மூட்டை என்போம். அவருக்கு அது பை. உள்போனில் மாடசாமியைக் கூப்பிட்டு, "தொட்டிய காலி பண்றோம். சுண்ணாம்பு பைய போடுங்க" என்றிருக்கிறார்.

மாடசாமி, "சரி சார், பைய போடுதேன்" என்று சொல்லியிருக்கிறான். இரண்டு பேருக்கும் திருப்தி. அவர் போனை வைத்துவிட்டார். இவன் சிரட்டையை எடுத்துவிட்டான்.

எனக்கு விஷயம் தெரியும்போது சாயந்தரம் நாலரை மணி இருக்கும். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் சாம்பார் விட்டுக்கொண்டிருந்தேன். சங்கரலிங்கம் சார் போன்.

"எங்கன இருக்கீங்க?"

"அசனத்துல சார்."

"சாப்பிட்டாச்சா?"

"இனிமத்தான் சார்."

"சாப்பிட்டுட்டு வாங்க. லேப் சாவி வேணும்."

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. வாளியைப் பக்கத்தில் நின்ற நாத்தனார் கையில் திணித்துவிட்டு, வீட்டுக்காரரை வண்டியை எடுக்கச் சொன்னேன்.

சார் வழக்கம் போல மதிலோரம் நடக்கும்போது, வாய்க்கால் படிக்கல்லில் புதிதாகத் துரு நிறம் ஏறியிருப்பதைப் பார்த்திருக்கிறார். ஓடிப்போய் அவரே வால்வை மூடியிருக்கிறார். அவர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தோம் என்று காவலாளி பிறகு சொன்னார். மூணு மணிக்குத் திறந்தது, நாலேகாலுக்கு மூடியது. நான் லேபைத் திறந்து தாளை எடுத்து வந்து குழித் தண்ணீரில் நனைத்தேன். செம்பருத்திப் பூப் போலச் சிவந்தது. பார்வைக்கு மட்டும் அந்தத் தண்ணீர் பளிங்கு மாதிரித் தெளிந்து கிடந்தது. தெளிந்ததும் திற என்று சொல்லியிருந்தவள் நான்தான்.

இரண்டு பேரும் வாய்க்காலோரமாகவே நடந்தோம். நூறு தப்படிக்கு ஒரு புட்டி. புட்டியில் தண்ணீர் மொண்டு, சார் அவர் கையாலேயே இடம் எழுதி ஒட்டினார். சிவப்பு வெளுத்து, மஞ்சளாகி, கீழூர் மடைக்குப் பக்கத்தில் பச்சைக்கு வந்தது. வாய்க்காலுக்குப் பொறுப்பான நீர்பாய்ச்சியைத் தேடிப் பிடித்து நடந்ததைச் சொன்னார் சார். அந்த ஆள் எங்களை ஏசிக்கொண்டே எல்லா மடையும் அடைத்திருக்கிறதா என்று பார்த்து வந்தார். அன்றைக்குக் காலையிலிருந்தே மடை எதுவும் திறக்கவில்லை, வயலுக்குத் தண்ணீர் போகவில்லை என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போகாமல் ஆலைக்குப் போனேன். சுண்ணாம்புக் கொட்டகையில் சார் நின்றுகொண்டு விசாரித்தார். வினோத் சார், மாடசாமி, நான்.

"வினோத், நீரு போன்ல சொன்னத அப்படியே சொல்லும்."

"சுண்ணாம்பு பைய போடுங்கன்னு சொன்னேன் சார்."

"மாடசாமி, நீரு என்ன செஞ்சீரு?"

"பைய போட்டேன் சார்."

"எம்புட்டுப் பைய?"

"ரொம்பப் பைய சார். சிரட்டையிலதான் போட்டேன்."

"சிரட்டையிலயா?" வினோத் சார் பதறிப்போனார். "நான் பைய போடச் சொன்னேன்!"

"அதான் சார், பையத்தான் போட்டேன்."

"ஐயோ, பைய! இதோ, இந்தப் பைய!" என்று அடுக்கி வைத்திருந்த சுண்ணாம்புப் பை ஒன்றை ஓங்கித் தட்டினார். வெள்ளைத் தூசி எங்கள் நாலு பேர் மேலேயும் பறந்தது.

சங்கரலிங்கம் சார் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, அந்தச் சுண்ணாம்பு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் அவர் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து அந்த ஆலையில் 'பைய' என்ற சொல்லுக்கே இடமில்லை. 'எத்தனை மூட்டை, எத்தனை சிரட்டை' என்று எண்ணிச் சொல்ல வேண்டும், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வினோத் சார் அதைத் தன் கைப்பட எழுதிக் குழியின் சுவரில் ஒட்டினார்.

ஆனால் விசாரணை அதோடு முடியவில்லை. சார் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு கேட்டார்.

"சரி. வால்வத் திறக்கச் சீட்டு வேணும்லா. சீட்டு எங்க?"

மாடசாமி தரையைப் பார்த்தான். "சீட்டு இல்ல சார். நானாத்தான் திறந்துட்டேன்."

சீட்டு அவன் சட்டைப் பையில் இருக்கிறது. என் கையெழுத்தோடு இருக்கிறது. அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிரந்தரப் பட்டியலில் பெயர் போயிருக்கிற நேரத்தில், யாரும் கேட்காமலே பழியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்கிறான்.

நான் உடனே வாய் திறந்தேன் என்று எழுத ஆசைதான். திறக்கவில்லை. ஒரு நிமிஷம் சும்மா நின்றேன். இத்தனை வருஷப் பெயர், அப்பாவின் பெயர், கோயிலில் நாலு பேர் மதிக்கிற மதிப்பு எல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்குள் வந்து போயிற்று. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"சார், சீட்டு இருக்கு. அவன் பையில இருக்கு. காலையிலயே நான்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போனேன்."

"எத்தன வாரமா?"

"நாலு வருஷமா சார்."

சார் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "நடந்தத நடந்தபடி எழுதிக் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் மாடசாமி என் பக்கம் திரும்பினான்.

"ஏன்க்கா சொன்னீங்க? ஒரு ஆளோட போயிருக்கும்லா."

"ஏலே கூறுகெட்டவனே, ரெண்டு பொட்டப்பிள்ளய வச்சுக்கிட்டு நீ ஏம்ல போவணும்?" என்று அவனை ஏசினேன். ஏசும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

முதலாளி வெளியூரில் இருந்தார். சார் அவரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னார், நானும் பக்கத்தில் நின்றேன். முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் பயந்துவிட்டார். "அந்த அம்மா பழைய ஆளு, விட்ருங்க. வால்வத் திறந்தவன நிறுத்திருங்க. நாளைக்கே ஊர்க்காரங்க வந்து நின்னா, செஞ்சவன வெளிய அனுப்பியாச்சுன்னு ஒரு பதில் சொல்லணும்லா. புதன்கிழமை வாரேன், கடுதாசியத் தயார் பண்ணி வைங்க" என்றார். நானே ராஜினாமா பண்ணிவிடுகிறேன் என்று சாரிடம் சொன்னேன். "நீங்க போனா அவன் இருப்பான்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார்.

அன்றே சார் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதினார். சீட்டில் கையெழுத்துப் போடும் வேலையிலிருந்து என்னை நிறுத்தினார். அதற்குப் பதிலாக வாய்க்காலோரமாக இரண்டு கரையும் நடந்து பார்த்து வரச் சொன்னார். "மடை அடைச்சிருந்துச்சு, சரி. மடை இல்லாம எவனாவது தண்ணி எடுத்திருந்தா?"

திங்கட்கிழமை ஒரு கரை. ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை மறுகரையில் நடந்தபோது, மேட்டில் ஒரு நாற்றங்கால் கண்ணில் பட்டது. வாய்க்கால் ஓரத்தில் தண்ணீர் இறைக்கிற ஆயில் இன்ஜின் ஒன்று நின்றது. பிசான நெல் நடவுக்குப் பாவின நாற்று. வரப்போரத்து இரண்டு பாத்தி பச்சையாக இருக்க, மற்றதெல்லாம் நுனி கருகி, வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. நடுவில் ஒரு அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். பெயர் பேச்சியம்மாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"யாரும்மா நீ? விவசாய ஆபீசா?"

"இல்லம்மா. கம்பி ஆலை."

"கம்பி ஆலைக்கு நாத்தங்கால்ல என்ன சோலி?"

நான் பாத்தியில் தேங்கியிருந்த தண்ணீரில் தாளை நனைத்தேன். மூணு நாள் கழித்தும் லேசான சிவப்பு வந்தது. சனிக்கிழமை தண்ணீர் எடுத்தீர்களா என்று கேட்டேன். நாலு மணிக்கு இன்ஜின் போட்டதாகச் சொன்னாள்.

"தண்ணியில என்ன இருக்கு? எல்லாம் எம் மருமவ பண்ணின வேல. யூரியாவ அள்ளிக் கொட்டிட்டா. நேத்து நல்லா ஏசிவிட்டேன். மூஞ்சியத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போய்ட்டா. போட்டும், எத்தன நாளைக்குப் போறான்னு பாக்கேன்."

"அம்மா, உங்க மருமவ ஒண்ணும் செய்யல. நாங்கதான் செஞ்சோம்."

முழுவதையும் சொன்னேன். சீட்டுக் கதையையும் விடவில்லை. பேச்சியம்மாள் முதலில் என்னை ஏசினாள். சாதாரண ஏச்சு இல்லை. என் ஏழு தலைமுறையையும் வாய்க்காலில் இறக்கிவிட்டுத்தான் ஓய்ந்தாள். நான் தலையைக் குனிந்து நின்றேன், வாங்க வேண்டியதுதானே. பிறகு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"உரமே போடலன்னு அவ படிச்சுப் படிச்சுச் சொன்னா. நான் நம்பல." கொஞ்ச நேரம் கருகின நாற்றையே பார்த்தாள். "நீ வந்து சொல்லலன்னா, சாவுற வரைக்கும் அவதான்னு நெனச்சிருப்பேன்."

பிறகு விருட்டென்று எழுந்தாள். "கிளம்பு. எங்கிட்டச் சொன்னத எங்கூட வந்து அவகிட்டச் சொல்லு."

மருமகள் செல்வியின் அம்மா வீடு கொற்கைக்குப் பக்கத்தில். செல்வி மாமியாரைப் பார்த்ததும் உள்ளே போகத் திரும்பினாள். நான் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "எத்தன பாத்தி போச்சு?" என்றுதான். சொன்னேன். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. பிறகு மாமியாரைப் பார்த்தாள்.

"நான்தான் சொன்னேனே அத்தை."

"சொன்ன. நான்தான் காதுல வாங்கல. தப்பு எனக்குத்தான்மா, வீட்டுக்கு வா" என்றாள் பேச்சியம்மாள். சொல்லும்போதே குரல் உடைந்து அழுதுவிட்டாள். செல்வியின் அம்மா எங்கள் மூன்று பேருக்கும் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். நாற்றை உடனே பார்க்க வேண்டும் என்று செல்வி அடுத்த பஸ்ஸுக்கே எங்களோடு கிளம்பிவிட்டாள்.

பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். சுண்ணாம்பு எப்படித் தப்பிப்போனது என்று கேட்டாள். பைய கதையைச் சொன்னேன். இடம் பொருள் பார்க்காமல் சத்தமாகச் சிரித்துவிட்டாள். "பைய போடுன்னா பையத்தான போடுவாக! நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்." சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள். "அந்த அண்ணன என்ன செஞ்சாக?"

"நாளைக்கு முதலாளி வாராரு. வேலைய விட்டு நிறுத்தப்போறாங்க."

"எதுக்கு? நீங்க சொன்னீகல்லா, அவரு மேல தப்பு இல்லன்னு?"

"சொன்னேன். ஊருக்குப் பதில் சொல்லணுமாம்."

"எந்த ஊருக்கு?"

"உங்க ஊருக்குத்தான்."

அதற்குப் பிறகு அவள் இறங்கும் வரை ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

புதன்கிழமை காலை முதலாளி வந்தார். மாடசாமியை நிறுத்துகிற கடிதம் மேசை மேல் இருந்தது. மாடசாமி வெளியே வராந்தாவில் நின்றான், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. அதைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை. கருகின நாற்றங்காலைப் பற்றிச் சார் முதலாளியிடம் சொன்னார். "பாத்தீங்களா, இதுக்குத்தான் சொன்னேன். இனி ஊரு சும்மா இருக்குமா?" என்று முதலாளி பேனாவை எடுத்தார். அப்போது காவலாளி வந்து, கீழூரிலிருந்து இரண்டு பொம்பளைகள் வந்து நிற்கிறார்கள் என்றார். முதலாளி பேனாவைக் கீழே வைத்தார்.

பேச்சியம்மாள் முன்னால், செல்வி பின்னால். உள்ளே வந்ததும் செல்வி முன்னால் வந்துவிட்டாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"எங்க நாத்துப் போச்சு. நடவு பிந்தாம வேற நாத்து வாங்கித் தரணும்."

"தாரோம்மா. இன்னைக்கே ஏற்பாடு பண்ணுதோம்."

"தண்ணி விடுறதுக்கு முன்ன அந்தத் தாள எங்க ஊருல ஒருத்தரு வந்து பாக்கணும். பாத்த பெறகுதான் திறக்கணும்."

முதலாளி சங்கரலிங்கம் சாரைப் பார்த்தார். சார் தலையாட்டினார். அந்த ஒருத்தராகப் பின்னால் அவளே ஆனாள். கையெழுத்து வேலை எனக்குத் திரும்பி வந்த பிறகு, நான் ஓய்வு பெறுகிற நாள் வரை, தண்ணீர் திறக்கிற சீட்டு எதிலும் என் கையெழுத்துத் தனியாக இருந்ததில்லை. பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'செல்வி' என்று இருக்கும். சில நாள் என்னை நம்பாமல் தாளைத் தானே இன்னொரு தரம் நனைத்துப் பார்ப்பாள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதலாளிக்கு அன்றைக்குப் பாரம் இறங்கினது போல ஆகிவிட்டது. அவர்கள் சத்தம் போடவில்லை, சாலையை மறிக்கவில்லை. மேசை மேல் இருந்த கடிதத்தை எடுத்து, பேச்சியம்மாளுக்குத் தெரிகிற மாதிரிப் பிடித்தார்.

"நாங்களும் சும்மா இருக்கலம்மா. இதுக்குக் காரணமான ஆள வேலைய விட்டு எடுத்தாச்சு. கடுதாசிகூட ரெடி."

"யாரு எடுக்கச் சொன்னா?" என்று கேட்டாள் செல்வி.

"ஊருல கேப்பாங்கல்லா?"

"ஊருன்னா நாங்கதான். செய்யாத தப்புக்கு வீட்ட விட்டுப் போனவ நான். வேற ஒருத்தர அப்படி அனுப்பச் சொல்லி நான் கேக்கல."

பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முதலாளி அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டாகக் கிழித்தார்.

நான் கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்கு ஓடினேன்.